ஊருக்கு இளைத்தவன் கேதார் ஜாதவ்

2020 அக்டோபர் 7, அபுதாபி. கொல்கத்தா 167 ரன்னுக்கு ஆல் அவுட். பதிலுக்கு ஆடிய சென்னை சூப்பர் கிங்ஸ் பத்து ஓவர் முடிவில் ஒரே ஒரு விக்கெட்டை இழந்து 90. மீதி பத்து ஓவரில் 78 ரன் எடுத்தால் போதும். இந்த ஆட்டத்தைத் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும். அந்தத் திறமை அன்றைக்குச் சென்னை அணியில் பலரிடமும் இருந்தது. பத்து ரன் வித்தியாசத்தில் தோற்றார்கள்.

மறுநாள் காலை சூலூர் டீக்கடைகளில் பேச்சு ஒன்றே ஒன்றுதான். "ஏனுங்ணா, அந்தக் கேதாருக்குப் பதிலா நம்ம டீ மாஸ்டர எறக்கி உட்டிருந்தாக்கூட ஜெயிச்சிருக்கலாமுங்க." சூலூரில் மட்டுமா? பல்லடத்தில், சோமனூரில், மதுரையில், சென்னையில், துபாயில் வேலை பார்க்கும் தமிழர் அறைகளில் எல்லாம் அதே தீர்ப்பு. பன்னிரண்டு பந்தில் ஏழு ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்ற கேதார் ஜாதவ்தான் குற்றவாளி. விசாரணை கிடையாது, வக்கீல் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. வாட்ஸ்அப்பில் படம் போட்டாகிவிட்டது, முடிந்தது கதை.

அந்த ஸ்கோர்கார்டை ஒரு தடவை நிதானமாகப் பாருங்கள். தோனி: 12 பந்து, 11 ரன். கேதார்: 12 பந்து, 7 ரன். வித்தியாசம் நான்கு ரன். தோனி நான்காவது ஆளாக, ஆட்டம் கையில் இருக்கும்போதே வந்தார். கேதார் வந்தபோது சென்னை 129. அதே 129-லேயே சாம் கரனும் போய்விட்டார். 39 ரன் பாக்கி, நான்கு ஓவருக்கும் குறைவு. கடைசி ஓவரில் 26 தேவை என்று ஆனது. ஜடேஜா கடைசி மூன்று பந்தில் ஒரு சிக்ஸரும் இரண்டு ஃபோரும் அடித்தார், ஆனால் அப்போது ஆட்டம் முடிந்துபோயிருந்தது. எட்டு பந்தில் 21 அடித்த ஜடேஜாவைப் பின்னால் வைத்துக்கொண்டு, பிராவோவை பெவிலியனிலேயே உட்காரவைத்து, கேதாரை முன்னால் அனுப்பியது கேதாரா? பேட்டிங் வரிசையை எழுதுகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் பேர் டீக்கடையில் அடிபடவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரியும். தோனியைத் திட்ட முடியாது. தமிழ்நாட்டில் 2008-லிருந்து அவர் 'தல'. சாமி கண் திறக்கவில்லை என்றால் பூசாரியைப் பிடித்துக் கட்டிவைப்பதுதான் ஊர் வழக்கம். அந்தப் பூசாரியும் வெளியூர்க்காரராக இருந்தால் இன்னும் சௌகரியம். கேதார் புனேக்காரர். அவருக்கு இங்கே ரசிகர் மன்றம் கிடையாது, அவருக்காகச் சண்டை போட ஒரு ட்விட்டர் கூட்டம் கிடையாது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்ற பழமொழி சும்மா வந்ததில்லை.

சரி, கேதார் நன்றாக ஆடினாரா? இல்லை. அதை மறைத்து வாதாட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. 2020 சீசனில் அவர் களமிறங்கிய ஆட்டங்கள் 8, பேட்டிங் கிடைத்தது 5 ஆட்டத்தில். ராஜஸ்தானுக்கு எதிராக 16 பந்தில் 22. டெல்லிக்கு எதிராக 21 பந்தில் 26. ஹைதராபாத்துக்கு எதிராக 10 பந்தில் 3. கொல்கத்தாவுக்கு எதிராக 12 பந்தில் 7. மறுபடி ராஜஸ்தானோடு 7 பந்தில் 4. கூட்டினால் 66 பந்தில் 62 ரன். இருபது ஓவர் கிரிக்கெட்டில் பந்துக்கு ஒரு ரன்கூட வரவில்லை. மொக்கையான ஆட்டம்தான். டிவியில் பார்த்தவர்களுக்குப் பற்றிக்கொண்டு வந்ததில் நியாயமும் இருக்கிறது. அடிக்க முயன்று அவுட்டானவரை மன்னிக்கும் ஊர், அடிக்காமல் நிற்பவரை மன்னிக்காது.

ஆனால் கணக்கு என்று ஒன்று இருக்கிறதே. அந்த சீசன் முழுக்க சென்னை அணி 14 ஆட்டத்தில் சந்தித்த பந்துகள் 1,600-க்கும் மேல். அதில் கேதார் சந்தித்தது 66. நூற்றுக்கு நான்கு. மீதி தொண்ணூற்றாறு யார் ஆடினார்கள்?

இன்னொன்று. அவர் பேட்டிங் செய்த ஐந்து ஆட்டமும் தோல்வி. இதைத்தான் 'ராசி இல்லாதவன்' என்பதற்கு ஆதாரமாகச் சுற்றுக்கு விட்டார்கள். ஆறாவது ஏழாவது இடத்தில் ஆடுகிறவருக்கு மட்டை எப்போது கைக்கு வரும் என்று யோசித்தால் இந்த வாதம் அங்கேயே செத்துப்போகும். அக்டோபர் 4 அன்று பஞ்சாபுக்கு எதிராக வாட்சனும் டு பிளெஸ்ஸியும் விக்கெட்டே விழாமல் ஜெயித்துக் கொடுத்தார்கள். கேதார் அன்றும் அணியில் இருந்தார், மட்டையைத் தொடக்கூட இல்லை. அந்த வெற்றியில் அவருக்குப் பங்கு இல்லை, சரி. முன்னால் ஆடியவர்கள் கவிழ்ந்தால் மட்டும் அவர் உள்ளே வருவார், தோல்வியில் முழுப் பங்கும் அவருக்கே. தீயணைப்பு வண்டி போகிற இடத்தில் எல்லாம் தீப்பிடிக்கிறது, ஆகவே வண்டிதான் காரணம் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அவர் இல்லாத ஆட்டங்களையும் பார்க்கலாம். கேதாரைத் தூக்கியாகிவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அக்டோபர் 10 அன்று பெங்களூருவோடு ஆடினார்கள். 37 ரன்னில் தோல்வி. அக்டோபர் 23, ஷார்ஜா, மும்பை. அன்றும் கேதார் இல்லை. 3 ரன்னுக்கு 4 விக்கெட். கடைசியில் 114 எடுத்து, பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றார்கள். அன்றைக்கு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மக்கள் திணறித்தான் போனார்கள்.

அந்த வருஷம் சென்னை ஏன் தோற்றது என்று கேட்டால் பதில் நீளமானது, மீம் படத்தில் அடங்காது. துபாய் போய் இறங்கியதுமே முகாமில் பதிமூன்று பேருக்குக் கொரோனா, அதில் இரண்டு பேர் வீரர்கள். ஒருவர் ருதுராஜ் கெய்க்வாட். கடைசி மூன்று ஆட்டத்தில் மூன்று அரைசதம் அடித்த அதே ருதுராஜ், சீசனின் முக்கால்வாசி வெளியில் இருந்தார் அல்லது தடுமாறினார். ரெய்னா ஊருக்குத் திரும்பிவிட்டார். ஹர்பஜன் வரவே இல்லை. பிராவோ காயம்பட்டார். தோனி அந்த ஆகஸ்ட் 15 அன்று சர்வதேச கிரிக்கெட்டிலிருந்து ஓய்வை அறிவித்துவிட்டு, பல மாதங்களாக ஒரு போட்டியும் ஆடாமல் நேராக வந்தவர். 14 ஆட்டத்தில் 200 ரன், ஓர் அரைசதம்கூட இல்லை. வயதான அணி என்று 2018-லேயே கிண்டல் செய்தார்கள், அந்த வருஷம் கோப்பை வந்ததால் கிண்டல் பெருமையானது. 2020-ல் 6 வெற்றி, 8 தோல்வி, 12 புள்ளி, ஏழாவது இடம். பிளேஆஃப் போகாத முதல் சீசன்.

சூலூர், சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துணியில் பழுது விழுந்தால் பாவு சரியில்லையா, ஊடை நூல் மட்டமா, தறியில் கோளாறா, கரண்டு விட்டு விட்டு வந்ததா என்று வரிசையாகப் பார்ப்பார்கள். கடைசியில்தான் ஓட்டியவர் தூங்கினாரா என்ற கேள்வி. அதே ஆட்கள் இரவு ஏழரைக்கு செல்போனில் மேட்ச் பார்க்கும்போது மட்டும் எப்படி இந்தப் புத்தி எல்லாம் போய்விடுகிறது?

'ஏழே முக்கால் கோடி வாங்குறான், திட்டக் கூடாதா?' என்பது அடுத்த வாதம். துல்லியமாகச் சொன்னால் 7.8 கோடி, 2018 ஏலத்தில். அந்த விலையைக் கேதார் சொல்லவில்லை. ஏலத்தில் அட்டை தூக்கித் தூக்கி அந்த விலைக்கு ஏற்றிவிட்டது அணி நிர்வாகங்கள். அவர்கள் வாங்கியது என்னவென்றும் மறந்துவிடக் கூடாது. 2017 ஜனவரியில் புனேயில் இங்கிலாந்துக்கு எதிராக 351 இலக்கு, 63 ரன்னுக்கு 4 விக்கெட் போன நிலையில் வந்து கோலியோடு சேர்ந்து 200 ரன் ஜோடி போட்டு, 76 பந்தில் 120 அடித்த ஆளை வாங்கினார்கள். வாங்கியதற்கு முதல் ஆட்டத்திலேயே பலன் கிடைத்தது. 2018 ஏப்ரல் 7, வான்கடே. தடை முடிந்து இரண்டு வருஷம் கழித்துத் திரும்பிய சென்னையின் முதல் போட்டி. தொடையில் தசை பிடித்து வெளியே போன கேதார், ஒன்பது விக்கெட் போன பிறகு நொண்டிக்கொண்டே திரும்பி வந்து கடைசி ஓவரில் ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர் அடித்து ஜெயிக்கவைத்தார். அதோடு அவருக்கு அந்த சீசன் முடிந்தது. அன்றைக்கு ராத்திரி அவரைத் தூக்கிக் கொண்டாடிய வாயும், 2020-ல் திட்டிய வாயும் வேறு வேறு அல்ல. அதே 2018 செப்டம்பரில் ஆசியக் கோப்பை இறுதிப் போட்டியில் மறுபடியும் தசைப் பிடிப்போடு வெளியே போய், மறுபடியும் திரும்பி வந்து, கடைசிப் பந்தில் இந்தியாவை வெற்றிக் கோட்டுக்குக் கொண்டுபோனவரும் இவரே.

அந்தக் கால் அதற்கப்புறம் பழைய கால் இல்லை என்பது 2019-லேயே தெரிந்துவிட்டது. 14 ஆட்டத்தில் 162 ரன். அப்போதே நிர்வாகம் முடிவு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இங்கேதான் உண்மையான வழக்கு இருக்கிறது, அதில் பிரதிவாதி கேதார் இல்லை.

கோயம்புத்தூர்ப் பையன் ஒருவன் அந்த அணியில் 2018-லிருந்து பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நாராயண் ஜெகதீசன். 20 லட்சத்துக்கு எடுத்தார்கள். மூன்றாவது சீசனில், 2020 அக்டோபர் 10 அன்று, கேதார் வெளியே போன ஆட்டத்தில் முதல் வாய்ப்பு. 28 பந்தில் 33. பெரிய ஆட்டம் இல்லை, ஆனால் தோற்கிற ஆட்டத்தில் புதுப் பையன் பயப்படாமல் நின்றான். பரிசு? அடுத்த ஆட்டத்தில் நீக்கம். அதற்கடுத்த ஆட்டத்தில் கேதார் திரும்ப உள்ளே. அக்டோபர் 19 அன்று ராஜஸ்தானோடு 125 மட்டும் எடுத்துத் தோற்ற பிறகு, இளைஞர்களிடம் பெரிதாகப் பொறி எதையும் பார்க்கவில்லை என்கிற அர்த்தத்தில் கேப்டன் பேசினார். ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழில் ஸ்ரீகாந்த் கொதித்துப் போனார். ஜெகதீசனிடம் இல்லாத பொறி கேதாரிடம் இருக்கிறதா என்று நேராகவே கேட்டார். தோனியைக் கேள்வி கேட்ட அந்தத் தைரியத்துக்கு ஒரு சபாஷ். ஆனால் அவரும் போகிற போக்கில் கேதாருக்கு 'ஸ்கூட்டர்' என்று ஒரு பட்டப்பெயர் வைத்து இடித்துவிட்டுத்தான் போனார்.

அந்த முடிவால் கெட்டது இரண்டு பேர். ஃபார்மில் இல்லாத ஒருவரை, ஊரே காறித் துப்பிக்கொண்டிருக்கும்போது, மறுபடியும் கூட்டி வந்து மைதானத்தில் நிறுத்தியது அவருக்குச் செய்த உபகாரம் இல்லை. காத்திருந்த பையனுக்குச் செய்ததும் நியாயம் இல்லை. அவனுக்கு அடுத்து கிடைத்த வாய்ப்பு அந்த ஷார்ஜா ஆட்டம், பும்ராவின் முதல் பந்திலேயே அவுட். 2022 நவம்பரில் சென்னை அவனை விடுவித்தது. சில நாட்கள் கழித்து, நவம்பர் 21 அன்று விஜய் ஹசாரே போட்டியில் அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராக 141 பந்தில் 277 அடித்தான். ஐம்பது ஓவர் கிரிக்கெட்டில் அதுவரை உலகத்தில் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. தொடர்ந்து ஐந்தாவது சதம் அது. (எதிரணி பலவீனம் என்பார்கள். பலவீனமான எதிரணியோடு எல்லோரும்தான் ஆடுகிறார்கள், 277 எல்லோருக்கும் வருவதில்லை.)

சேவாக்கும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். சென்னை பேட்ஸ்மேன்கள் சிலர் அணியை அரசாங்க வேலை மாதிரி நினைக்கிறார்கள், ஆடினாலும் ஆடாவிட்டாலும் சம்பளம் வந்துவிடும் என்று. டிஎன்பிஎஸ்சிக்கு ராத்திரி பகலாகப் படித்துக்கொண்டிருந்த பையன்களும் அதைப் பகிர்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

2020 சீசனில் மைதானம் காலி. கொரோனாவால் கேலரியில் ஒரு ஆள் இல்லை, கைதட்டல் எல்லாம் ஸ்பீக்கரில். மைதானத்தில் உட்கார்ந்து கூச்சல் போடுகிறவனுக்கு ஓர் எல்லை உண்டு. தொண்டை கட்டும், பக்கத்து சீட்டுக்காரர் முறைப்பார், வீட்டுக்குப் போகக் கடைசி பஸ் பிடிக்க வேண்டும். போனுக்கு அந்த எல்லை எதுவும் இல்லை. அதற்கு மேல் அந்த வருஷம் ஐபிஎல்லின் பெயர்ப்பலகையிலேயே ட்ரீம்11. ஐம்பது ரூபாய் கட்டி அணி அமைத்தவனுக்குக் கேதாரின் ஏழு ரன் தன் பாக்கெட்டில் கை விட்ட மாதிரி தெரிந்தது. (காசு வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை கொண்டுவர 2025 ஆகஸ்ட் வரை ஆனது.) அந்தக் கொல்கத்தா ஆட்டம் முடிந்த இரண்டொரு நாளில், தோனியின் ஐந்து வயது மகளைப் பற்றி எழுதக்கூடாத மிரட்டலை ஒருவன் இன்ஸ்டாகிராமில் எழுதினான். போலீஸ் தேடிப் பிடித்தபோது குஜராத்தின் முந்த்ராவில் 16 வயதுப் பையன். பிளஸ் டூ படிக்கிற வயசு. ஒரு மேட்ச் தோற்றதற்கு! அவனுக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார்? 'நாங்க கேதாரைத்தான் திட்டினோம், குழந்தையை இல்லை' என்று ஒதுங்கிக்கொண்டவர்கள், தங்கள் பழைய பின்னூட்டங்களைத் திரும்பிப் படித்தால் நல்லது. கேதாருக்கும் வீடு வாசல் குடும்பம் உண்டு.

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒன்று ஆடுகிறார்கள். அங்கே கிறிஸ் டேவிஸ் என்று ஒரு பேட்டர், பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி. 2016-ல் ஏழு வருஷத்துக்கு 16 கோடியே 10 லட்சம் டாலர் ஒப்பந்தம். 2018-ல் அந்த அணி 162 ஆட்டத்தில் 115 தோற்றது. டேவிஸின் சராசரி .168, அதாவது ஆறு முறை மட்டை பிடித்தால் ஒரு முறை. முழு சீசன் ஆடிய யாரும் அவ்வளவு கீழே போனதில்லை. 2019-ல் நிலைமை இன்னும் மோசம். தொடர்ந்து 54 முறை மட்டை பிடித்தும் ஒரு ஹிட் கிடையாது, அதுவும் ஒரு சாதனை. சொந்த ஊரிலேயே கூச்சல் போட்டார்கள், அங்கேயும் மனிதர்கள்தானே. ஆனால் அவரால்தான் 115 தோல்வி என்று அங்கே கணக்கு எழுதினால் பள்ளிக்கூடப் பையன்கூடச் சிரிப்பான், ஒன்பது பேரில் அவர் ஒருவர். பாஸ்டனில் எதிரணி ரசிகனான ஒரு சிறுவன், நீ ஆடுவதும் நீ எப்படிப்பட்ட மனிதன் என்பதும் வேறு வேறு என்று அவருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தான். அந்த ஏப்ரல் 13 அன்று அதே பாஸ்டனில் அவருக்கு ஹிட் கிடைத்தது. கேதாருக்கு இங்கிருந்து ஒரு போஸ்ட் கார்டாவது போயிருக்குமா?

கிரிக்கெட் தெரிந்தவன் விமர்சனம் செய்யட்டும். ஸ்பின்னுக்குக் கால் நகரவில்லை, ஸ்ட்ரைக் மாற்றவில்லை, அந்த இடத்துக்கு இனி வேறு ஆள் வேண்டும் என்று சொல்லட்டும். அது ஆட்டத்தைப் பற்றிய பேச்சு. சூலூர் சுற்றுவட்டாரத்தில் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமென்ட் ஆடுகிற எந்த டீமிலும் மூன்று ஆட்டம் முட்டை போட்ட ஒருவன் இருப்பான். நாலாவது வாரம் அவனை உட்காரவைப்பார்கள், சாயங்காலம் அவனோடு சேர்ந்தே புரோட்டா சாப்பிடப் போவார்கள். அவன் அம்மாவுக்குப் போன் போட்டு யாரும் திட்டுவதில்லை.

2021 ஜனவரியில் சென்னை கேதாரை விடுவித்தது. ஹைதராபாத் 2 கோடிக்கு எடுத்தது, அங்கேயும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 2021-ல் சென்னை கோப்பையைத் தூக்கியது. 'பாத்தீங்களா, கேதார் போனான், கப்பு வந்துச்சு' என்று கும்மியடித்தார்கள். ருதுராஜ் 635 ரன், டு பிளெஸ்ஸி 633 ரன் அடித்தது எல்லாம் யார் கண்ணிலும் படவில்லை போல. 2024 ஜூன் 3 அன்று கேதார் எல்லா வகை கிரிக்கெட்டிலிருந்தும் ஓய்வு பெற்றார். இந்தியாவுக்காக 73 ஒருநாள் போட்டி, 1,389 ரன், சராசரி 42, இரண்டு சதம். தமிழில் அந்தச் செய்திக்குக் கீழே வந்த பின்னூட்டங்களில் பாதி அந்த 12 பந்தைப் பற்றியே இருந்திருக்கும் என்று பந்தயமே கட்டலாம்.

2025-ல் சென்னை மறுபடியும் விழுந்தது. இந்த முறை 14 ஆட்டத்தில் 4 வெற்றி, பத்தாவது இடம், வரலாற்றில் முதல் முறையாகக் கடைசி. மறுபடியும் ஓர் ஆள் தேவைப்பட்டார். கிடைத்தவர்களில் ஒருவர், 5 ஆட்டத்தில் 55 ரன் எடுத்த ராகுல் திரிபாதி. 3.4 கோடி வாங்கினாரே என்று ஆரம்பித்தார்கள். 2020 அக்டோபர் 7 அன்று அபுதாபியில் சென்னைக்கு எதிராக 81 அடித்து ஆட்ட நாயகன் விருது வாங்கியவர் அவர்தான்.